உலையில் இளகும் இரும்பு கொதிகலனில் இளகாதிருப்பது எப்படி?

தருமபுரிப் பக்கத்துச் சந்தைகளில் அரிவாள், களைக்கொத்து, மண்வெட்டி முதலியவை குவித்து வைத்து விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை உருவாகும் பட்டறையில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். துருத்தி ஊதப்படும்போது கொல்லரின் கண் இரும்பின் நிறத்தை விட்டு அகலுவதே இல்லை. கருமை மாறி மங்கிய சிவப்பு வரும். அவர் அசைய மாட்டார். நல்ல செம்பழ நிறம் வந்ததும் குறடு உள்ளே போகும், சம்மட்டி இறங்கும். நிறம் மங்கினால் இரும்பு மீண்டும் உலைக்குள் போகும். செம்பழ நிறத்தில் இரும்பு அடிக்கு இணங்குகிறது, கருத்த நிலையில் இணங்க மறுக்கிறது என்பதை அவருடைய கை அறியும்.

அதே மாவட்டத்தின் நாகமரையில் நின்றால் மேட்டூர் நீர்த்தேக்கம் கண்ணுக்கெட்டிய வரை பரந்து கிடக்கும். அந்த நீர்த்தேக்கத்தின் மறுகோடியில், அணைக்கு அருகே, மேட்டூர் அனல் மின்நிலையம் இருக்கிறது. அங்கே 210 மெகாவாட் திறனுள்ள நான்கு பிரிவுகள் 1987க்கும் 1990க்கும் இடையே ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. 600 மெகாவாட் பிரிவு ஒன்று 2013இல் சேர்ந்தது. இத்தகைய 210 மெகாவாட் கொதிகலனின் இறுதிக் குழாய்களிலிருந்து வெளிவரும் நீராவியின் வெப்பநிலை சுமார் 540 டிகிரி செல்சியஸ். அழுத்தமோ வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு. குழாயின் உலோகம் நீராவியைவிடச் சற்று அதிகச் சூட்டில் இருக்கும். இருட்டில் பார்க்க முடிந்தால் மங்கிய சிவப்பாகத் தோன்றத் தொடங்கும் நிலை அது. கொல்லர் உலையில் காத்திருக்கும் அந்த இளக்கத்தின் வாசற்படியில், உள்ளிருந்து நீராவி நெருக்கித் தள்ள, இரவு பகலாகப் பல ஆண்டுகள் இந்தக் குழாய்கள் நிற்க வேண்டும். சம்மட்டிக்கு இணங்கும் இரும்பைப்போல் நீராவிக்கு இணங்கிவிடக் கூடாது.

இரண்டு இடத்திலும் உள்ளவை இரும்பு அணுக்களே. ஓரிடத்தில் இளகவும் மற்றோரிடத்தில் இளகாதிருக்கவும் செய்வது எது? அதைப் புரிந்துகொள்ள உலோகத்தின் உள்ளே இருக்கும் ஒழுங்கை விட, அந்த ஒழுங்கில் நேர்ந்துள்ள பிசகுகளையே நாம் நாட வேண்டும்.

வரிசையில் ஒரு பிசகு

கற்கண்டையும் உப்பையும் படிகம் என்று ஒப்புக்கொள்ளும் நம்மில் பலர், இரும்புக் கம்பியும் படிகமே என்றால் வியப்படைவோம். உலோகங்கள் அனைத்திலும் அணுக்கள் வரிசை வரிசையாக, அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஓர் உலோகத் துண்டை வளைக்கும்போது இந்த அடுக்குகளில் ஒன்று மற்றொன்றின்மேல் வழுக்கிச் செல்கிறது.

ஓர் அடுக்கு முழுவதையும் ஒரே சமயத்தில் வழுக்கச் செய்ய எவ்வளவு விசை வேண்டும் என்று ரஷ்ய விஞ்ஞானி பிரெங்கெல் 1926இல் கணக்கிட்டார். வந்த விடை திகைப்பூட்டியது. மென்மையான தூய படிகங்கள் உண்மையில் அந்த விசையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவான விசைக்கே வளைந்து கொடுத்தன. கணக்கில் தவறு இல்லை. அப்படியானால் படிகம் கணக்கில் கொண்டபடி ஒழுங்காக இல்லை என்றே பொருள்.

கல்யாண வீட்டில் நீளமான பந்திப்பாயை விரித்தபின், அதைச் சுவர்ப் பக்கம் நான்கு விரல் தள்ள வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பிடித்து முழுப் பாயையும் இழுப்பது கடினம். அனுபவசாலி வேறு விதமாகச் செய்வார். ஒரு முனையில் பாயைச் சிறிது மடித்து ஒரு புடைப்பை உண்டாக்கி, அந்தப் புடைப்பைக் காலால் மறுமுனை வரை தள்ளிக்கொண்டே போவார். புடைப்பு வெளியேறும்போது முழுப் பாயும் நகர்ந்திருக்கும். எந்த நேரத்திலும் அவர் நகர்த்தியது பாயின் ஒரு சிறு பகுதியை மட்டுமே.

படிகத்துக்குள்ளும் இப்படிப்பட்ட புடைப்புகள் உள்ளன. ஓர் அணு அடுக்கு பாதி வழியில் நின்றுபோய், அண்டை அடுக்குகள் அதைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்கும் கோடு அது. பிறழ்வுக் கோடு என்று அதனை அழைக்கலாம். ஆங்கிலப் பாடநூல்களில் டிஸ்லொகேஷன் எனப்படுவது இதுவே. கேம்பிரிட்ஜில் டெய்லர், ஹங்கேரியரான ஒரோவான், பெர்லினிலிருந்து இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்த போலானி ஆகிய மூவரும் தனித்தனியே இதே கருத்தை 1934இல் வெளியிட்டனர். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்த அணையின் நீரை நம்பிப் பிற்காலத்தில் எழுந்த கொதிகலன்களின் ஆயுளை அளக்கும் அறிவும் அதே ஆண்டில் பிறந்தது என்பது தற்செயலே ஆயினும், இந்தக் கட்டுரையாளனுக்கு அதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

கருத்து பிறந்து 22 ஆண்டுகள் வரை பிறழ்வுக் கோட்டைக் கண்ணால் கண்டவர் மிகச் சிலரே, நம்பாதவர்கள் பலர். 1956இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷும் அவருடைய துணைவர்களும் மிக மெல்லிய அலுமினியத் தகட்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, பிறழ்வுக் கோடுகள் நகர்ந்து செல்வதையே பார்த்தார்கள். அதன் பிறகு விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இனி ஒரு சோதனை. மின்சாரப் பணிக்குப் பயன்படும் தடித்த செம்புக் கம்பியில் ஒரு சாண் நீளம் எடுத்து, மேலுறையை நீக்கிவிட்டு, அடுப்புச் சுடரில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள். பிறகு கையால் வளையுங்கள், நூல்போல் வளையும். அதே இடத்தில் நிமிர்த்துங்கள், மீண்டும் வளையுங்கள். நாலைந்து தடவைக்குள் அந்த இடம் விறைத்துக்கொண்டு விரலை எதிர்க்கும். மேலும் வளைத்தால் ஒடிந்துவிடும். ஒடிவதற்கு முன்பே நிறுத்திக் கம்பியை மறுபடியும் காய்ச்சிப் பாருங்கள். பழைய மென்மை திரும்பியிருக்கும். (சுடரில் பிடிக்கக் குறடு வேண்டும், சிறுவர்கள் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்வது நல்லது.)

வளைக்க வளைக்க விறைப்பது ஏன்? வளைக்கும்போது பிறழ்வுக் கோடுகள் நகர்வது மட்டுமன்றிப் பெருகவும் செய்கின்றன. காய்ச்சி ஆறிய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் பிறழ்வுக் கோடுகளையெல்லாம் எடுத்து முனையோடு முனை சேர்த்தால், தருமபுரியிலிருந்து சேலம் சென்று திரும்பும் தூரம் போல் நூறு கிலோமீட்டர் அளவில் வரலாம். நன்றாக அடித்து நசுக்கிய உலோகத்திலோ அந்த நீளம் ஒரு கோடி கிலோமீட்டரை எட்டும். சந்திரனுக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் போய்த் திரும்பலாம்! ஒரு சிறு கட்டிக்குள் இவ்வளவு கோடுகளும் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கிக்கொள்ளும்போது ஒன்றையொன்று நகரவிடாமல் தடுக்கின்றன.

தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதைச் சேலம் நெடுஞ்சாலையில் போய் வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வரும் லாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் பின்னால் பேருந்துகள் நிற்கும். விறைத்த செம்புக் கம்பிக்குள் நடப்பது ஏறக்குறைய அதுவே. ஆகவே பிறழ்வுக் கோடு ஒரு விசித்திரமான குறை. சில இருந்தால் உலோகத்தை மென்மையாக்குகிறது. மிகப் பல இருந்தால் உறுதியாக்குகிறது. உலோகவியலார் பிற அணுக்களைக் கலந்தும், மிகச் சிறு துகள்களை உள்ளே விளைவித்தும் செய்வதெல்லாம் இந்தக் கணவாயில் புதிய தடைகளை நிறுத்தி வைப்பதுதான்.

சூடு செய்யும் சூழ்ச்சி

இதுவரை சொன்னது குளிர்ந்த உலோகத்தின் கதை. காய்ச்சியதும் கம்பி மீண்டும் மென்மையானதே, அங்கே நம் தொல்லை தொடங்குகிறது. சூடேறினால் கணவாயின் நெரிசல் தானாகவே கரையத் தொடங்குகிறது. எப்படி?

படிகத்தில் வேறொரு குறையும் உண்டு. அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது. நிரம்பிய திரையரங்கில் ஆங்காங்கே ஓர் இருக்கை காலியாக இருப்பதுபோல் எண்ணிக்கொள்ளலாம். அறை வெப்பத்தில் செம்பு, இரும்பு போன்றவற்றில் இத்தகைய காலியிடங்கள் மிக மிக அரிது. சூடேற ஏற அவை விரைந்து பெருகும். உருகும் நிலைக்கு அருகில் செம்பில் பத்தாயிரம் இடங்களுக்கு ஒன்று என்ற அளவை எட்டும். காலி இருக்கை இருந்தால் பக்கத்திலுள்ளவர் அதில் நகர்ந்து உட்காரலாம். அவர் விட்ட இடத்துக்கு மற்றொருவர் வரலாம். இவ்வாறு அணுக்கள் திடப்பொருளுக்குள்ளேயே இடம் மாறி அலையத் தொடங்குகின்றன. இதனை விரவல் என்பர்.

தடையின் முன் நின்றுவிட்ட பிறழ்வுக் கோட்டுக்கு விரவல் ஒரு மாற்றுப் பாதையைத் திறந்துவிடுகிறது. பாதியில் நிற்கும் அணு அடுக்கின் விளிம்பிலிருந்து ஓர் அணு அருகிலுள்ள காலியிடத்துக்குத் தாவினால் அந்த விளிம்பு ஒரு படி மேலே ஏறிவிடும். இப்படிப் படிப்படியாக மேலேறித் தடையைத் தாண்டியதும் கோடு மறுபடியும் வழுக்கிக்கொண்டு போகும். கணவாயில் நின்ற லாரிகள் மெல்ல மெல்ல மலைமேல் வேறொரு தடம் பற்றி ஏறி, பழுதான வண்டியைக் கடந்து இறங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் வேகம் குறைவே. ஆனால் கொதிகலனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

எவ்வளவு சூடு என்றால் ‘சூடு’? இது உலோகத்துக்கு உலோகம் மாறும். பொதுவாக, தனி வெப்பநிலை அளவையில், அதாவது கெல்வினில், உருகுநிலையின் பத்தில் நான்கு பங்கைத் தாண்டியதும் விரவலின் ஆட்சி தொடங்குகிறது எனலாம். இரும்பு 1538 டிகிரி செல்சியஸில், அதாவது 1811 கெல்வினில் உருகும். அதில் பத்தில் நான்கு பங்கு ஏறத்தாழ 724 கெல்வின், செல்சியஸில் 450. வெள்ளீயத்தின் உருகுநிலை 232 டிகிரி, அதாவது 505 கெல்வின்தான். நம் அறையின் வெப்பமே அதில் பத்தில் ஆறு பங்கு ஆகிவிடுகிறது! இரும்பை அதே பங்குக்குக் கொண்டுவர 814 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும்; கொல்லர் பார்க்கும் செம்பழ நிறம் அது. பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு கை தவறினாலும் நெளிந்து போவதன் காரணம் இப்போது விளங்கும். ஈயச் சொம்புக்குச் சமையலறை அலமாரியே கொல்லன் உலை.

நிலையான சுமையின்கீழ் சூடான உலோகம் நேரம் செல்லச் செல்ல மெதுவாக நீண்டுகொண்டே போவதை ஊர்வு என்பர். தொழிற்சாலைகளில் கிரீப் என்ற சொல்லே வழங்குகிறது. லண்டனில் ஆண்டிரேட் என்பவர் 1910இல் காரீயக் கம்பிகளில் எடை தொங்கவிட்டு இதை முதன்முதலாக ஒழுங்குபட அளந்தார். முதலில் விரைவாக நீளும். பிறகு வேகம் தணிந்து நெடுங்காலம் ஒரே சீராக ஊரும். கடைசியில் மீண்டும் வேகம் பிடித்து அறுந்துவிடும்.

கொதிகலன் வடிவமைப்பாளர் பொதுவாக ஏற்கும் ஊர்வு, ஒரு லட்சம் மணி நேரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு. ஒரு மீட்டர் நீளம் பதினோரு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சென்டிமீட்டர் நீளலாம். ஒரு மயிரிழைப் பருமன் நீள ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இவ்வளவு மெதுவான ஒன்றுக்கு அஞ்சுவானேன் என்று கேட்கலாம். சூட்டைச் சற்றுக் கூட்டிப் பார்த்தால் தெரியும். லார்சன், மில்லர் என்ற இருவர் 1952இல் தந்த சூத்திரத்தைக்கொண்டு கணக்கிடுவோம். 540 டிகிரியில் ஒரு லட்சம் மணி நேரம் தாங்கும் குழாய், அதே அழுத்தத்தில் 550 டிகிரியில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் மணி நேரமே தாங்கும். 560 டிகிரியில் இருபத்தைந்தாயிரம். பத்து டிகிரிக்கு ஆயுள் பாதி! குழாயின் உட்புறம் படியும் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்றே உலோகத்தின் சூட்டை இந்த அளவு ஏற்றிவிடப் போதும். ஒரு குழாய் வெடித்தால் அந்தப் பிரிவு முழுவதையும் நிறுத்தியாக வேண்டும். வெடித்த இடத்தருகே ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதை எழுதத் தேவையில்லை.

எல்லையில்தான் தொல்லை

நாம் வளைத்த கம்பி ஒரே படிகம் அன்று. அரிசிக் குவியலைப் போலக் கோடிக்கணக்கான சிறு படிகங்கள் நெருங்கி ஒட்டியது அது. ஒவ்வொன்றையும் பரல் என்று அழைப்போம். ஒரு பரலின் அணு வரிசைகள் ஒரு திசையை நோக்க, அடுத்த பரலின் வரிசைகள் வேறு திசையை நோக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒழுங்கு குலைந்திருக்கும்.

குளிர்ந்த நிலையில் இந்த எல்லைகள் நல்ல சுவர்கள்; பிறழ்வுக் கோடுகளை நிறுத்துகின்றன. அதனால் பரல் சிறுத்தால் எஃகு உறுதிபெறும். சூடானாலோ நிலைமை தலைகீழாகிறது. ஒழுங்கு குலைந்த எல்லையின் வழியே அணுக்கள் மிக எளிதாக விரவுகின்றன. ஒரு பரல் அடுத்ததன்மேல் சறுக்குகிறது. காலியிடங்கள் வந்து சேர்ந்து நுண்ணிய ஓட்டைகளாகின்றன. குளிரில் நண்பனாக இருந்தவன் சூட்டில் காட்டிக்கொடுக்கிறான்.

பழைய குண்டு பல்பு ஒன்று வீட்டில் கிடந்தால் அதன் இழையைப் பாருங்கள். எரியும்போது அது 2500 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். தொடக்க காலத்து டங்ஸ்டன் இழைகளில் பரல் எல்லைகள் கம்பியின் குறுக்கே கணுக்கணுவாக அமைந்துவிட்டன. இதற்கு உலோகவியலார் வைத்த பெயரே மூங்கில் அமைப்பு என்பதாகும். ஒவ்வொரு கணுவிலும் கம்பி சறுக்கித் தொய்ந்து அறுந்தது. பிறகு அமெரிக்காவில் அலாதார் பாக்ஸ் என்பவர் டங்ஸ்டனில் பொட்டாசியம் கலந்த உப்பைச் சிறிதளவு சேர்த்துத் தொய்யாத இழையைக் கண்டார். பொட்டாசியம் கண்ணுக்குத் தெரியாத குமிழ்களாக வரிசையில் நின்று, பரல்களைக் கம்பியின் நீளவாக்கில் நீண்டு ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளச் செய்கிறது. குறுக்குக் கணுக்கள் மறைந்தன. பல்பின் ஆயுள் நீண்டது. குமிழும் ஒரு குறைதானே! ஒரு குறையை வைத்து மற்றொரு குறையை அடக்கிய கதை இது.

நம் நாட்டுப் பழைய எஃகிலும் இதன் நிழல் உண்டு. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அந்தப் பழைய பெரிய மாவட்டம் இரும்புத் தாதுக்கும் மூசை எஃகுக்கும் பெயர் பெற்றது. தருமபுரியிலிருந்து 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டளவிலானது என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. மூசை எஃகில் கரி நூற்றுக்கு ஒன்றரை அளவு இருந்தது. ஐரோப்பியக் கொல்லர்கள் அதைத் தங்கள் இரும்பைப்போல் வெள்ளொளி வீசக் காய்ச்சி அடித்தபோது அது நொறுங்கிப் போயிற்று. அதிகக் கரியும் சிறிது பாஸ்பரசும் சேர்ந்த பரல் எல்லைகள் மற்ற இடங்களுக்கு முன்பே இளகிவிட்டதே காரணம். மங்கிய சிவப்பில் பொறுமையாக அடிக்க வேண்டும் என்பது நம் கொல்லர்களுக்குத் தெரிந்திருந்தது.

கொதிகலனுக்குத் திரும்புவோம். நூற்றுக்கு நான்கு பங்கைக்கூட எட்டாத குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகே அங்குப் பெரும்பாலும் பயன்படுகிறது. மாலிப்டினத்தின் பெரிய அணுக்கள் இரும்பின் வரிசையை நெருக்கிப் பிறழ்வுக் கோடுகளை இழுத்துப் பிடிக்கின்றன. கரியோடு சேர்ந்த நுண்துகள்கள் தடைக்கற்களாகின்றன. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறு துகள்கள் கரைந்து பெரிய துகள்களோடு சேர்ந்துவிடுவதால் தடைகளின் எண்ணிக்கை குறையும். எல்லைகளில் ஓட்டைகள் முளைக்கும். ஆகவே ஒரு லட்சம் மணி நேரம் உழைத்த கொதிகலனில், 400 டிகிரிக்கு மேல் இருக்கும் பகுதிகளைச் சோதித்து எஞ்சிய ஆயுளை மதிப்பிட வேண்டும் என்பது இந்தியக் கொதிகலன் விதி.

அந்தச் சோதனை எளிமையும் அழகும் கொண்டது. குழாயை வெட்டி எடுப்பதில்லை. ஓரிடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலம் தடவிப் பரல் எல்லைகளை வெளிக்கொணர்ந்து, அதன்மேல் மென்மையாக்கிய பிளாஸ்டிக் ஏட்டை ஒட்டிப் பிரித்தெடுக்கிறார்கள். பத்திரத்தில் வைத்த பெருவிரல் ரேகைபோல அந்த ஏட்டில் உலோகத்தின் முகம் பதிந்திருக்கும். அதை நுண்ணோக்கியில் பார்ப்பவர் தேடுவது ஒன்றைத்தான். எல்லைகளில் ஓட்டைகள் தனித்தனியே இருக்கின்றனவா, வரிசை கட்டிவிட்டனவா, ஒன்றுசேர்ந்து விரிசலாகத் தொடங்கிவிட்டனவா? தனியே நின்றால் மீண்டும் சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கலாம். விரிசல் எனில் குழாயை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அணுவளவில் தொடங்கிய ஒரு காலியிடம், கடைசியில் ஒரு பொறியாளர் கையெழுத்திடும் தாளில் வந்து நிற்கிறது.

கல்பாக்கத்தில் வேறு விதச் சிக்கல்

1971இல் தொடங்கப்பட்ட கல்பாக்கம் ஆய்வு மையம், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று 1985 முதல் பெயர் பெற்றது. அங்கே வடிவமைக்கப்பட்ட 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் உருகிய சோடியம் 547 டிகிரி வெப்பத்தில் வெளியேற வேண்டும். பெருங்கலத்துக்கு நம் வீட்டு எவர்சில்வரின் உயர்குலத்து உறவான எஃகு ஒன்றைத் தேர்ந்தார்கள். பரல் எல்லைகளில் குரோமியக் கார்பைடு படிந்து அரிப்புக்கு வழிசெய்யாதிருக்கக் கரியைக் குறைத்தார்கள். கரி குறைந்தால் உறுதியும் குறையுமே? அந்த இழப்பை ஈடுசெய்யச் சிறிதளவு நைட்ரஜனைச் சேர்த்தார்கள். இரும்பு அணுக்களின் இடுக்கில் புகுந்துகொள்ளும் நைட்ரஜன், பிறழ்வுக் கோடுகளின் காலைக் கட்டுகிறது. அதன் அளவைக் கூட்டக் கூட்ட ஊர்வு குறைவதைக் கல்பாக்கத்துச் சோதனைகள் காட்டின.

எரிபொருளைச் சுற்றியுள்ள குழல்களின் கதை இன்னும் சுவையானது. 6.6 மில்லிமீட்டர் பருமனும் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த சுவரும் உடைய மெல்லிய குழல்கள் அவை. வேக நியூட்ரான்கள் இவற்றை ஓயாமல் தாக்குவதால், ஆயுட்காலத்தில் ஒவ்வோர் அணுவும் பல பத்து முறை தன் இடத்திலிருந்து தூக்கியெறியப்படுகிறது. ஒவ்வொரு தாக்குதலும் ஒரு காலியிடத்தையும், வேறெங்கோ இடுக்கில் சிக்கிய ஓர் உபரி அணுவையும் உண்டாக்கும். காலியிடங்கள் கூடி வெறுமைகளாகி, எஃகு சோறு பொங்குவதுபோல் பருத்துவிடுகிறது. இங்கிலாந்தில் 1967இல்தான் இது முதலில் கண்டறியப்பட்டது. கல்பாக்கத்துக்குத் தேர்ந்த மருந்து, நாம் செம்புக் கம்பியில் செய்ததே. டைட்டேனியம் சேர்ந்த குரோமிய-நிக்கல் எஃகுக் குழலைக் குளிர்ந்த நிலையில் நூற்றுக்கு இருபது அளவு இழுத்துச் சிறுக்கவைத்து, வேண்டுமென்றே பிறழ்வுக் கோடுகளை நிறைத்துவிடுகிறார்கள். அலையும் காலியிடங்களும் உபரி அணுக்களும் இந்தக் கோடுகளில் விழுந்து மறைகின்றன. சூட்டில் கோடுகளே கலைந்துபோகாமல் டைட்டேனியம் கார்பைடுத் துகள்கள் அவற்றைப் பிடித்து வைக்கின்றன.

காவிரி என்ற எஞ்சின்

ஒகேனக்கல்லில் பாயும் ஆற்றின் பெயரை நம் நாடு ஒரு ஜெட் எஞ்சினுக்குச் சூட்டியது. காவிரி எஞ்சின் திட்டம் பெங்களூரில் 1989இல் தொடங்கியது. எடை கூடியது, வேண்டிய உந்துவிசை கிட்டவில்லை என்ற காரணங்களால் தேஜஸ் விமானத்திலிருந்து 2008இல் அது விலக்கப்பட்டது. காரணங்கள் பல. ஆனால் எந்த நாடு ஜெட் எஞ்சின் செய்ய முற்பட்டாலும் முதலில் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. அது டர்பைன் இறக்கை. எரிவாயுவின் வெப்பமோ இறக்கை உருகும் நிலையைவிட அதிகம். உட்புறம் காற்றுச் செலுத்தியும் மேலே பூச்சுப் பூசியும் குளிர்வித்தாலும் உலோகம் ஆயிரம் டிகிரியைத் தொடும். சுழலும் வேகத்தில் உள்ளங்கை அளவு இறக்கை, பல டன் இழுவிசையைத் தாங்க வேண்டும்.

இதற்கு ஈடுகொடுப்பது நிக்கல் கலவை. அதில் மூன்று நிக்கல் அணுவுக்கு ஓர் அலுமினிய அணு என்ற கணக்கில் ஒழுங்காக அமைந்த நுண்கட்டிகள், மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவில், சுவரில் செங்கல்போல் அடுக்கடுக்காக நிறைந்திருக்கும். பருமனில் பாதிக்கு மேல் இவையே. இந்தக் கட்டிகளுக்கு ஒரு வியத்தகு குணம்: சுமார் 800 டிகிரி வரை சூடேற ஏற இவை உறுதி கூடுகின்றன! உள்ளே நுழையும் பிறழ்வுக் கோட்டைச் சூடே வேறொரு தளத்துக்குத் திருப்பிவிடுகிறது. அந்தத் தளத்தில் அது பூட்டிக்கொள்கிறது. கொல்லர் இதைக் கண்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

பரல் எல்லையின் துரோகத்தை என்ன செய்வது? அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தில் 1960களில் எடுத்த முடிவு துணிச்சலானது: எல்லையையே இல்லாமல் செய்துவிடுவது. அச்சில் ஊற்றிய உலோகத்தை அடியிலிருந்து மெல்ல மெல்ல, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் உறையவிடுகிறார்கள். அடியில் பல பரல்கள் தோன்றும். அவை மேலேறும் வழியில் பன்றியின் வால்போல் சுருண்ட ஒடுங்கிய துளை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறும் பரல்களில் ஒன்றே ஒன்று மறுபுறம் வெளிவரும். அதுவே வளர்ந்து அச்சு முழுவதையும் நிரப்பும். முழு இறக்கையும் ஒரே படிகம்! இவ்வகை இறக்கைகள் பயணி விமானத்தில் 1982இல் பறக்கத் தொடங்கின.

உலகில் சில நாடுகளே கைவரப்பெற்றுள்ள இந்த வித்தையை யாரும் எளிதில் கற்றுத்தருவதில்லை. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம் பரல்களை நீளவாக்கில் மட்டும் வளர்க்கும் முறையை முதலில் கைக்கொண்டு, பின்னர் ஒற்றைப் படிகத்துக்கு முன்னேறியது. ஹெலிகாப்டர் எஞ்சினுக்கான 60 ஒற்றைப் படிக இறக்கைகளை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துக்கு அது 2021 ஏப்ரலில் அளித்தது. மொத்தம் 300 இறக்கைகள் செய்யும் திட்டத்தின் முதல் தவணை அது.

ஒற்றைப் படிகம் என்றாலும் அதற்குள் பிறழ்வுக் கோடுகளும் காலியிடங்களும் இல்லாமற் போவதில்லை. கட்டிகளுக்கு இடையேயுள்ள குறுகிய சந்துகளில் கோடுகள் நெளிந்துகொண்டே இருக்கின்றன. அணுக்கள் விரவிக்கொண்டே இருக்கின்றன. நெடுநேரம் இழுவிசையில் நின்றபின், செங்கல்போல் இருந்த கட்டிகள் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு தட்டையான நீண்ட அடுக்குகளாக மாறுகின்றன. உலோகவியலார் இவற்றைத் தெப்பங்கள் என்றே குறிப்பிடுகிறார்கள். கழற்றி எடுத்த பழைய இறக்கையை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், எந்தப் பகுதியில் தெப்பம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக்கொண்டு, பறக்கும்போது அந்தப் பகுதி எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறார்கள். ஓடும் எஞ்சினுக்குள் அந்த இடத்தில் வெப்பமானியை வைத்து அளப்பது மிகக் கடினம்.